குளிகையில் எடுத்த பேக்கப்

ஆடி மாதத்தில் எங்கள் திருமணத் தகவல் மையத்துக்கு ஆள் வராது. கீழே புதுக்கோட்டைக் கடைத்தெருவில் தள்ளுபடித் துணிக்குக் கூட்டம் முண்டியடிக்கும். மாடியில் எங்கள் ஆபீசில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும். அந்த மாதத்தில்தான் ஒட்டடை அடிப்பேன், ஸ்கேனர் கண்ணாடியைத் துடைப்பேன், பழைய ஃபைல்களுக்குக் கயிறு மாற்றுவேன்.

நான் அங்கே ஆபீஸ் அசிஸ்டென்ட். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. டீ வாங்கி வருவது, வருகிற ஜாதகங்களை ஸ்கேன் செய்வது, போன் வந்தால் எடுத்துப் பேசுவது இவையெல்லாம் என் வேலை. போனில் பேச எனக்குக் கூச்சம் கிடையாது. எதிரே முகம் இல்லையே. அதே ஆள் மறுநாள் படியேறி நேரில் வந்தால், தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன்.

இந்த வட்டாரத்துப் பிள்ளைகளின் ஜாதகம் எத்தனையோ என் கை வழியாகப் போயிருக்கிறது. என் ஜாதகம் மட்டும் வீட்டில் தகரப் பெட்டிக்குள் கிடந்தது. முப்பது வயதில் அதை நாலைந்து வீடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பொருத்தமெல்லாம் கூடிவரும். படிப்பு என்ற இடத்துக்கு வந்ததும் ஜாதகம் திரும்பி வந்துவிடும். ஒரு வீட்டில் மடிப்பைக்கூடப் பிரிக்காமல் கொடுத்து அனுப்பினார்கள். இனி அதை யார் கண்ணிலும் காட்டுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நாற்பத்தாறு வயது வரை அந்த முடிவு அசையாமல் நின்றது. அதை அசைத்தது, கம்ப்யூட்டரில் உள்ளதை எந்த முறையில் சுருக்கி வைப்பது என்ற கேள்வி.

மையத்தை நடத்துகிறவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த ஆடியில் ஒருநாள், பேக்கப் எடுக்கிற டிஸ்க் நிரம்பிவிட்டது என்று கம்ப்யூட்டர் சொன்னது. அக்கா தன் அண்ணன் மகளுக்குப் போன் போட்டார். அந்தப் பெண் வல்லத்திராக்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள். எங்கள் புரோகிராமை எழுதிக் கொடுத்ததும் அவள்தான். ஸ்கூட்டியில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

“அண்ணே, ஜாதகத்தையெல்லாம் எந்த செட்டிங்ல ஸ்கேன் பண்ணுனீங்க?”

“இருக்கறதுலயே பெருசு எதுவோ, அதுலம்மா.”

“ஏண்ணே?”

“கட்டம் தெளிவாத் தெரியணும்ல.”

“தெளிவாத்தான் தெரியுது. பஸ் ஸ்டாண்டுல ஃப்ளெக்ஸாவே கட்டலாம்.”

அக்கா சிரித்துவிட்டார். நான் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தேன். அவளே பிறகு சமாதானம் சொன்னாள். பெரிதாக இருப்பதில் தப்பில்லையாம். ஜாதகம் முக்கால்வாசி வெள்ளைக் காகிதம். இங்கிருந்து இங்கு வரைக்கும் வெள்ளை என்று ஒரே வரியில் குறித்து வைத்துவிட்டால் போதும், திறக்கும்போது அது தானே விரிந்துகொள்ளும். எழுத்தும் அப்படித்தான். ஒரே வாக்கியம் பல இடத்தில் வந்தால் ஒரு தடவை எழுதிவிட்டு, மற்ற இடத்திலெல்லாம் ‘அங்கே பார்’ என்று கை காட்டிவிடும்.

“எதிர்பார்ப்புன்னு ஒரு எடம் இருக்குல்ல அத்தை, அதுல எல்லாரும் என்ன எழுதியிருக்காங்க? நல்ல குடும்பம், நல்ல வேலை, கெட்ட பழக்கம் இல்லாதவர். ஆயிரம் பேரு எழுதுனாலும் அது ஒரே வரிதான்.”

“அப்ப எல்லாரும் ஒரே மாதிரி மாப்பிள்ளை கேக்குறதுல கம்ப்யூட்டருக்கு லாபம்னு சொல்லு” என்றார் அக்கா.

போட்டோக்கள் மட்டும் குறையாது என்றாள். அவை ஏற்கெனவே அமுக்கியவை. அவள் வீட்டுக்காரர் துபாயிலிருந்து வரும்போது சூட்கேஸ் மேல் ஏறி உட்கார்ந்து மூடுவாராம். அப்படி மூடிய சூட்கேஸ் மேல் இன்னொருவர் ஏறி உட்கார்ந்தால் மட்டும் அது சின்னதாகிவிடுமா என்று கேட்டாள். எனக்கு விஷயம் பிடிபட்டது.

அக்காவுக்குப் பிடிபட்டது வேறு. அவர் முகம் மாறியது. “ஏன்த்தா, அமுக்குறப்ப கட்டம் நகந்துட்டா? ஏழாமெடத்துச் செவ்வா எட்டுக்குப் போயி ஒக்காந்துட்டா யாரு பதில் சொல்றது? பொண்ணு வீட்டுக்காரங்க என் சட்டையப் பிடிப்பாங்க.”

“நீங்க சட்டை போடலையே அத்தை.”

“வாயி! ஒங்கப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்க.”

சுருக்குகிற முறைகளில் மூன்றை அவள் சொன்னாள். அக்காவுக்கு எதைச் சொன்னாலும் வரனாகத்தான் காதில் விழும். மூன்று மாப்பிள்ளைகளை விசாரிப்பதுபோல விசாரிக்க ஆரம்பித்தார்.

“மொதல்ல யாரு?”

“ஜிஜிப். வயசானது. எந்த ஊருக்குப் போனாலும் பழக்கம்.”

“அடுத்து?”

“எக்ஸ்இசட். ரொம்பச் சிக்கனம். இருக்கறதுலயே சின்னதா மடிச்சுத் தரும். ஆனா ஆற அமர யோசிச்சு யோசிச்சுத்தான் வேலை செய்யும்.”

“சிக்கனமான குடும்பம்னா அப்படித்தான் இருக்கும். மூணாவது?”

“இசட்-ஸ்டாண்டர்ட். வயசு கம்மி. வேகம் ஜாஸ்தி. எக்ஸ்இசட் அளவுக்குச் சின்னதா மடிக்காது, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்.”

“ஒங்க கம்பெனில எதைக் கட்டியிருக்கீங்க?”

“மூணாவத.”

“அது ஒங்க தகுதிக்கு. நமக்குச் சிக்கனந்தான் சரி.” அக்காவின் மனம் எக்ஸ்இசட் பக்கம் சாய்ந்துவிட்டது. ஜிஜிப்பை ஒரு சின்ன ஃபோல்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். மடிப்பதிலும் சுமார், வேகத்திலும் சுமார். பழகிய மாப்பிள்ளை முதல் சுற்றிலேயே வெளியேறினார்.

அடுத்து நேரம். எங்கள் ஆபீசில் பேக்கப் குளிகையில்தான் எடுக்க வேண்டும். குளிகை நேரத்தில் செய்கிற காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். அதனால் நகை வாங்குகிறவர்கள் அந்த நேரத்தைத் தேடிப் போவார்கள், சாவு எடுக்கிறவர்கள் அதைத் தவிர்ப்பார்கள். ஒரு பிரதிக்கு இன்னொரு பிரதி எடுப்பதற்கு அதைவிடப் பொருத்தமான நேரம் வேறு என்ன இருக்கிறது என்பது அக்காவின் கட்சி. அந்தப் பெண்ணும் அதற்கு மறுப்புச் சொல்வதில்லை. குளிகையோ கிழமைக்குக் கிழமை மாறும், ஒன்றரை மணி நேரந்தான் இருக்கும். ஏழு கிழமைக்கும் ஏழு நேரத்தைக் கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருந்தாள். “கம்பெனில இதக் காட்டுனா காலண்டர் அனுப்புன்னு கேப்பாங்க” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

அப்போதுதான் அக்கா அந்த நிபந்தனையைப் போட்டார். சுருக்கி, திரும்ப விரித்து, கட்டத்தைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொள்வாராம். அதற்கும் அடுத்தவர் ஜாதகத்தை வைத்து ஆடி மாதத்தில் விளையாடக் கூடாதாம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“தம்பி, ஒங்க ஜாதகத்த நாளைக்குக் கொண்டாங்க.”

“எதுக்குங்கக்கா... வேற யாராச்சும்...”

“இத்தனை வருசமாக் கேக்குறேன், குடுக்கல. கல்யாணத்துக்குக் கேக்கல, கம்ப்யூட்டருக்குத்தான் கேக்குறேன். ஒங்களுக்கு இனிமே என்ன கெட்டுப்போகப் போகுது?”

“சாயந்தரமே அழிச்சிர்றேண்ணே” என்றாள் அந்தப் பெண். “யாரும் பாக்க மாட்டாங்க. சத்தியமா.”

அந்த வார்த்தையை நம்பித்தான் பெட்டியைத் திறந்தேன்.

மறுநாள் புதன்கிழமை. என் ஜாதகத்தை நானே ஸ்கேன் செய்தேன். அதே பெரிய செட்டிங்கில்தான். மற்றவர்களுக்குச் செய்ததை எனக்குக் குறைத்துக்கொள்ள மனம் வரவில்லை. சோதனை முழுதாக இருக்க வேண்டும் என்று அந்தப் பெண் தன் போனில் என்னைப் போட்டோவும் எடுத்தாள். நிமிர்ந்து பார்க்கச் சொன்னாள். நான் நிமிர்வதற்குள் எடுத்து முடித்துவிட்டாள். கம்ப்யூட்டரில் எனக்கென்று ஒரு பதிவு திறந்தார்கள். படிப்பு என்ற இடத்தில் ஐந்தாம் வகுப்பு. எதிர்பார்ப்பு என்ற இடத்தில் நான் ஒன்றும் வேண்டாம் என்றேன். அக்கா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ‘பேசத் தெரிந்த பெண்’ என்று அடித்தார். “வீட்டுல ஒருத்தராச்சும் பேச வேணாமா?”

பத்தரைக்குக் குளிகை பிறந்ததும் எக்ஸ்இசட்டை ஓடவிட்டார்கள். அது யோசித்தது. நான் டீ வாங்கி வந்தேன், யோசித்துக்கொண்டே இருந்தது. வெற்றிலை வாங்கி வந்தேன், அப்போதும் யோசித்தது. எங்கள் கம்ப்யூட்டர் கிழடு என்பதும் ஒரு காரணம். புதன்கிழமையில் இன்னொரு சங்கடம் உண்டு. பன்னிரண்டு மணிக்குக் குளிகை முடிகிற இடத்தில் ராகு காலம் ஆரம்பிக்கிறது. அக்கா சுவர்க் கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். முள் சேர்ந்ததுதான் தாமதம், எழுந்தேவிட்டார்.

“நிறுத்துத்தா!”

“முக்கால்வாசி முடிஞ்சிருச்சு அத்தை.”

“மூணு முடிச்சுல ரெண்டு போட்டாலும் ராகு காலம் ராகு காலந்தான். நிறுத்து.”

நிறுத்தினாள். பாதியில் நின்ற ஃபைல் எதற்கும் உதவாது என்று அழித்தும் விட்டாள். அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம் என்று எனக்குத் தோன்றியது. எக்ஸ்இசட் என்கிற சிக்கனக்கார மாப்பிள்ளையை அவள் சொல்லித் தட்டிக்கழிக்க முடியவில்லை, ராகு தட்டிக்கழித்துவிட்டார்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குக் குளிகை. இசட்-ஸ்டாண்டர்ட் ஓடியது. நான் டீ வாங்கிக்கொண்டு படியேறும்போதே, “முடிஞ்சிருச்சுண்ணே!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அளவும் மோசமில்லை. டிஸ்க்கில் பாதி இடம் காலியாகக் கிடந்தது. பிறகு தன் லேப்டாப்பில் அதை விரித்து, என் ஜாதகத்தைத் திறந்து அக்காவிடம் காட்டினாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கையில் என் பழைய காகிதத்தை வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகப் போனார். “குரு இருக்காரு. சனி இருக்காரு. சுக்கிரன்... ஆங், இருக்காரு. ஒருத்தரும் நகரல.” ஓரத்தில் இருந்த மஞ்சள் கறையும் அப்படியே இருந்தது. மூன்றாவது வரன் முடிவானது. அன்று சாயங்காலம் என் கண் முன்னாலேயே என் பதிவை அழித்தாள். நான் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அன்று நாங்கள் பூட்டிப் போன பிறகு இடியும் மழையும் பிய்த்துக்கொண்டு அடித்தது. மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் உயிர் பெறவில்லை. கருகிய வாசனை அறையெல்லாம் இருந்தது. அக்கா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வந்து பார்த்த மெக்கானிக் உள்ளே ஒன்றும் தேறாது என்று சொல்லிவிட்டான். அந்தப் பெண் மட்டும் பதறவில்லை. “நேத்துத்தானே எடுத்தோம்? டிஸ்க் எங்கிட்ட இருக்கு அத்தை. புதுசு வாங்குங்க, போட்டுக்கலாம்.” ஆடி முடியட்டும் என்று அக்கா சொல்லிவிட்டார்.

ஆவணி பிறந்ததும் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பேக்கப்பைத் திரும்ப ஏற்றுவதற்குக் குளிகை கூடாது, அந்த வேலை திரும்பத் திரும்ப வந்துவிடும் என்று அக்கா வேறு நல்ல நேரம் பார்த்தார். எல்லா ஜாதகமும் சேதாரமில்லாமல் வந்து இறங்கின. அக்கா திரைக்குச் சூடம் காட்டினார். முகூர்த்த மாதம் பிறந்தால் புரோகிராம் தானே பொருத்தம் பார்த்து, பொருந்துகிற வீடுகளுக்கெல்லாம் போனில் செய்தி அனுப்பும். அன்றும் அனுப்பியது.

அடுத்த நாள் காலையில் போன் அடித்தது. ஒரு பெண் குரல்.

“மணமேல்குடிலேர்ந்து பேசுறேன். ஒரு வரன் அனுப்பியிருக்கீங்க, அதைப் பத்தி விசாரிக்கணும்.”

பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி அடித்தேன். திரையில் நான் வந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேங்க.”

“ஆளு எப்படிங்க?”

எந்த வரனுக்கும் சொல்கிற பதில் நாக்கில் தயாராக இருந்தது. “அமைதியான ஆளுங்க.”

“அது போட்டோவுலயே தெரியுது. கீழயே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. எதையாச்சும் தொலைச்சுட்டாரா?”

“அப்படியெல்லாம் இல்லீங்க.”

“குடிப்பாரா?”

“டீ குடிப்பாருங்க.”

அந்தப் பக்கம் சிரிப்பு. “படிப்பு அஞ்சாவதுன்னு போட்டிருக்கு. அடிக்கிறப்ப தப்பாயிருச்சா?”

தப்பாகிவிட்டது, பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிடலாம். சாயங்காலத்துக்குள் பதிவையும் அழித்துவிடலாம். பெட்டி வீட்டில்தான் இருக்கிறது.

“தப்பில்லீங்க. அஞ்சாவதுதான்.”

அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

“பரவால்ல. போன மாசம் ஒருத்தரு பெரிய படிப்புன்னு போட்டிருந்தாரு. எந்தக் காலேஜுன்னு கேட்டேன், போனை வச்சுட்டாரு. நான் பத்தாவது. டெய்லர் கடை வச்சிருக்கேன். இவர நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?”

“தெனமும் பாப்பேங்க.”

“கோவம் வருமா?”

“நான் பாத்ததில்லீங்க.”

“எதிர்பார்ப்புல பேசத் தெரிஞ்ச பொண்ணுன்னு எழுதியிருக்கே? எல்லாரும் அடக்கமான பொண்ணுதான் கேப்பாங்க. எங்க வீட்டுல என் வாயாலதான் கல்யாணம் தள்ளிப்போச்சும்பாங்க. யாருடா இது இப்படிக் கேக்குறதுன்னுதான் கூப்பிட்டேன். புதங்கெழம அண்ணனக் கூட்டிக்கிட்டு வாரேன். அவரையும் வரச் சொல்லிருங்க.”

“சொல்லிர்றேங்க” என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். நான் வல்லத்திராக்கோட்டைக்குப் போன் போட்டேன். “அழிச்சுட்டேன்னு சொன்னியேம்மா?”

“அழிச்சேண்ணே. சாயந்தரம் அழிச்சேன். ஆனா பேக்கப்பு காலையில எடுத்ததாச்சே. அதுல நீங்க இருந்தீங்க. இப்ப அதத்தானே ஏத்தியிருக்கோம்?” பிறகு அவளே, “இப்ப அழிச்சிரட்டுமா?” என்று கேட்டாள்.

“குளிகையில எடுத்தது. திரும்பி வராம என்ன செய்யும்?” என்று அக்கா எனக்கும் போனுக்கும் சேர்த்துச் சொன்னார்.

அவள் இரண்டு தடவை ‘அண்ணே, அண்ணே’ என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மறுநாளும் சொல்லவில்லை.

புதன்கிழமை அவர்கள் படியேறி வந்தார்கள். அண்ணன் முன்னால், போனில் பேசியவர் பின்னால். நான் வழக்கம்போல எழுந்து, “வாங்க, இங்கிட்டு ஒக்காருங்க” என்றேன். அவர் உட்காரவில்லை. என்னையே பார்த்தார்.

“அன்னைக்குப் போன்ல பேசுனது நீங்கதானே?”

“ஆமாங்க.”

“அவரு வந்துட்டாரா?”

தண்ணீர்ப் பானை உள்ளே இருந்தது. கால் அந்தப் பக்கம் ஒரு அடி போய்விட்டது. எப்படியோ நின்றேன். “வந்துட்டாருங்க. நான்தாங்க.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்னத்தா சிரிக்கிற?”

“அக்கம்பக்கத்துல விசாரிக்கணும்னியேண்ணே. விசாரிக்க வேணாம். மாப்பிள்ளைகிட்டயே மாப்பிள்ளையைப் பத்தி எல்லாம் விசாரிச்சுட்டேன்.”

அண்ணனும் அக்காவும் உள்ளே பேசினார்கள். நாங்கள் வெளியே இருந்தோம். அவர் மணமேல்குடியில் ஐஸ் லாரிகள் கடை வாசலை மறிப்பதைப் பற்றி, ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் வராதவர்களைப் பற்றி, உப்புக்காற்றில் மிஷின் ஊசி துருப்பிடிப்பதைப் பற்றிப் பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இடையிடையே நானும் ஒன்றிரண்டு சொன்னதாக ஞாபகம். ஊசிக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்று சொன்னேன்.

பஸ் ஏற்றிவிட்டு வரச் சொன்னார் அக்கா. பஸ் ஸ்டாண்டில் வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அவர்கள் ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி நகர ஆரம்பித்த பிறகு அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, போனைக் கையில் பிடித்துக்கொண்டு, “ஆபீஸ் நம்பர் இருக்கு. ஒங்க நம்பரு?” என்றார்.

பக்கத்திலேயே நடந்துகொண்டு சொன்னேன். “கேக்கல!” என்றார். கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். டிரைவர் ஹாரன் அடித்தார். “கடைசி மூணும் கேக்கல!”

வண்டி வேகமெடுத்தது. நானும் ஓடினேன். மல்லிகைப்பூ விற்கிறவர்கள், ஆரஞ்சு ஜூஸ் போடுகிறவர், திருச்சி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் என் குரல் எனக்கே புதிதாக இருக்கும்படி அந்த மூன்று எண்ணையும் கத்தினேன். படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் அதை வாங்கி, பஸ்ஸுக்குள் திரும்பி, ஒவ்வொன்றாக இன்னும் பெரிய சத்தத்தில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “எழுதிக்கிட்டாங்கண்ணே, நில்லுங்க, விழுந்துறாதீங்க!” என்றார்.

மூச்சு வாங்க நின்றேன். வண்டி வளைவில் திரும்புவதற்குள் சட்டைப் பையில் போன் அடித்தது.